கோட்டின் எந்தப் பக்கம்?

கணக்கு என்றாலே சமன்பாடு என்று எண்ணும் பழக்கம் பள்ளி நாளிலேயே நம்மிடம் படிந்துவிடுகிறது. இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று, நடுவே இரண்டு சிறு கோடுகள். விடை ஒன்றே ஒன்று. அது வந்தால் முழு மதிப்பெண், வாராவிட்டால் சுழி. ஆனால் வாழ்க்கை நம்மிடம் கேட்கும் கேள்விகளுள் இத்தகையவை மிகச் சில. வருகைப் பதிவு நூற்றுக்கு 75க்குக் குறையலாகாது என்கிறது கல்லூரி. அனுப்பிய பணத்துக்கு மேல் செலவு போகக்கூடாது என்கிறார் ஊரிலிருந்து தந்தையார். சென்னை வண்டி புறப்படுவதற்கு அரை மணி முன்பாவது நிலையத்தில் இருக்கவேண்டும் என்கிறது அனுபவம். ‘குறையாமல்’, ‘மிகாமல்’, ‘ஆவது’, ‘வரை’ என்று நாள்தோறும் நாம் வழங்கும் சொற்கள் யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கணித நூலார் அக்குடும்பத்துக்குச் ‘சமனிலி’ என்று பெயர் சூட்டியிருக்கின்றனர். ‘அசமன்பாடு’ என்றும் பாடநூல்கள் கூறும்.

சமனிலியைப் பற்றி எழுத நம் மாணவர் மலரில் இடம் கேட்பானேன் என்று நண்பர்கள் வினவலாம். காரணம் இருக்கிறது. நாம் படிக்க வந்திருக்கும் இந்தப் புனே நகரில், பெர்கூசன் கல்லூரியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு கோட்டை எந்த இடத்தில் போடுவது என்பது பற்றி அறிஞர்கள் பல்லாண்டுகள் வாதிட்டார்கள். அந்தக் கோட்டின் கீழ்ப்பக்கம் இருந்தவர்கள் கோடிக்கணக்கான மனிதர்கள். அக்கதைக்கு வருமுன் கோடு போடக் கற்றுக்கொள்வோம். கணிதப் பிரிவு நண்பர்கள் பொறுத்தருள்க. இது பெரும்பாலும் மற்றவர்களுக்காக.

சோறும் பருப்பும் எடுத்துக்கொள்வோம். நாம் சாம்பார் சாதம் என்போம்; இவ்வூரார் ‘வரண் பாத்’ என்பர். பெயரும் பக்குவமும் வேறாயினும் உள்ளே இருப்பது அதே அரிசியும் அதே துவரம் பருப்பும்தான். ஒரு மாணவன் ஒரு நாளில் உண்ணும் அரிசி எத்தனை நூறு கிராம் என்பதை ‘அ’ என்க. பருப்பு எத்தனை நூறு கிராம் என்பதை ‘ப’ என்க. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 345 கலோரி, நூறு கிராம் துவரம் பருப்பில் ஏறத்தாழ 335 கலோரி என்று நம் நாட்டு உணவுப் பட்டியல் கூறுகிறது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் அவருடன் பணியாற்றியவர்களும் தொகுத்த பட்டியல் அது. குன்னூரில் தொடங்கிப் பின்னர் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் உழைப்பு. நம் கணக்கின் எளிமைக்காக இரண்டையும் 340 என்றே வைத்துக்கொள்வோம். காய்கறி, எண்ணெய், பால் போக, சோறும் பருப்பும் சேர்ந்து நாளுக்கு 1700 கலோரியாவது தரவேண்டும் என்பது முதல் நிபந்தனை. 340ஆல் வகுத்தால் அது இவ்வாறு சுருங்கும்:

அ + ப ≥ 5

இரண்டும் சேர்ந்து அரைக் கிலோவுக்குக் குறையலாகாது என்பதுதான் இதன் பொருள். 

இதை வரைபடத்தாளில் காட்டுவது எப்படி? படுக்கை அச்சில் அரிசியையும் நெட்டச்சில் பருப்பையும் குறிப்போம். முதலில் ≥ என்னும் குறியை மறந்துவிட்டு, அ + ப = 5 என்னும் சமன்பாட்டை வரைக. இரண்டு புள்ளிகள் போதும்: பருப்பே இல்லாமல் அரிசி 5, அதாவது (5, 0), அரிசியே இல்லாமல் பருப்பு 5, அதாவது (0, 5). அளவுகோலை வைத்து இணைத்தால் கோடு கிடைத்துவிடும். சமன்பாடு கற்றவன் இங்கே பேனாவை மூடிவிடுவான். சமனிலி கற்பவனுக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது. கோடு என்பது வரப்பு. பயிர் நிற்பது வயலில். அந்த வரப்பு தாளை இரண்டு வயல்களாகப் பிரித்திருக்கிறது. நம் வயல் எது?

அதைக் கண்டுபிடிக்க ஒரு புள்ளியைச் சோதித்தால் போதும். இருப்பவற்றுள் எளியது ஆதிப்புள்ளி: அரிசியும் இல்லை, பருப்பும் இல்லை, அதாவது (0, 0). 0 + 0 ≥ 5 என்பது உண்மையா? இல்லை. பட்டினி கிடப்பவனுக்குக் கலோரி ஏது? ஆகவே ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம் நம் பக்கமன்று, எதிர்ப்பக்கத்தை நிழலிடுக. ஒரே ஒரு புள்ளியைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் முழுவதற்கும் தீர்ப்புக் கூறுவது நியாயமா என்று சிலர் ஐயுறுவர். நியாயமே. ஒரு புள்ளியில் உண்மையாயிருப்பது இன்னொரு புள்ளியில் பொய்யாக வேண்டுமானால், இடையில் எங்கேனும் சரியாக 5 என்னும் மதிப்பைத் தாண்டித்தான் ஆகவேண்டும். 5 என்னும் மதிப்பு உள்ள இடங்கள் யாவும் கோட்டின்மேலேயே இருக்கின்றன. வரப்பைத் தாண்டாமல் அடுத்த வயலுக்குப் போக முடியாது அன்றோ!

சில சிறு விதிகளை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ‘குறையாமல்’ என்றால் கோடும் நம்மோடு சேர்ந்தது. அதை முழுக்கோடாக வரைக. ‘மிகுதியாக இருக்கவேண்டும்’ என்று மட்டும் இருந்தால் கோடு நமக்குரியதன்று. விட்டுவிட்டு வரையும் புள்ளிக்கோடாக இடுக. சமனிலியின் இருபுறத்தையும் எதிர்ம எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பிக்கொள்ளும். 3 ஐந்தினும் சிறிது. ஆனால் –3 என்பது –5ஐவிடப் பெரிது. மூன்று ரூபாய் கடன்பட்டவன் ஐந்து ரூபாய் கடன்பட்டவனைவிட நல்ல நிலையில் இருக்கிறான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இவ்விதி மறக்காது.

கலோரி மட்டும் போதுமா? புரதமும் வேண்டும். அரிசியில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 7 கிராம் புரதம்; துவரம் பருப்பில் ஏறத்தாழ 22. நாளுக்கு 50 கிராம் புரதமாவது வேண்டும் என்று கொண்டால்,

7அ + 22ப ≥ 50

இந்தக் கோடு நெட்டச்சை 2.27இலும் படுக்கை அச்சை 7.14இலும் வெட்டும். ஆதிப்புள்ளியைச் சோதித்தால் மறுபடியும் பொய்; எனவே நிழல் மீண்டும் எதிர்ப்பக்கம். இரண்டு நிழல்களும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடமே இரண்டு நிபந்தனைகளுக்கும் பொதுவான வயல். அரிசியோ பருப்போ எதிர்ம அளவில் இருக்க இயலாதாகையால், அ ≥ 0, ப ≥ 0 என்னும் இரண்டையும் சேர்த்துக்கொள்க. இவ்வயலுக்கு மூன்று மூலைகள் உண்டு: (0, 5), (4, 1), (7.14, 0). நடுவிலுள்ள (4, 1) என்பதைச் சற்றே கவனியுங்கள். 400 கிராம் அரிசியும் 100 கிராம் பருப்பும். இரண்டு கோடுகளும் சந்திக்கும் முனை அது.

இனிப் பணம். அரிசி கிலோ 50 ரூபாய், பருப்பு கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிராமுக்கு முறையே 5, 15. சோற்றுக்கும் பருப்புக்குமாக ஒரு நாளைக்கு 40 ரூபாய்க்கு மேல் கையில் இல்லை என்றால்,

5அ + 15ப ≤ 40

5ஆல் வகுத்தால் அ + 3ப ≤ 8. (8, 0), (2, 2) என்னும் புள்ளிகளை இணைத்தால் கோடு. இம்முறை ஆதிப்புள்ளியில் சமனிலி உண்மையாகிறது. ஒன்றும் வாங்காதவனுக்குச் செலவும் இல்லை. ஆகவே நிழல் ஆதிப்புள்ளி இருக்கும் பக்கமே. உடலின் நிபந்தனைகள் நம்மை ஆதிப்புள்ளியை விட்டு வெளியே தள்ளுகின்றன. பையின் நிபந்தனை உள்ளே இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே எஞ்சியிருப்பது ஒரு சிறிய நாற்கரம். அதன் மூலைகள் (4, 1), (7.14, 0), (8, 0), (3.5, 1.5). 450 கிராம் அரிசி, 100 கிராம் பருப்பு என்னும் (4.5, 1) புள்ளி அதனுள்ளே இருக்கிறது, செலவு 37 ரூபாய் 50 காசு. சமன்பாட்டைப் போல ஒற்றை விடை தராமல், இதற்குள் எங்கு வேண்டுமானாலும் இருந்துகொள் என்று ஓர் இடத்தையே தருகிறது சமனிலி. சுதந்திரம் என்பதற்குக் கணிதம் வரைந்து காட்டும் படம் இதுவே என்று சொன்னால் மிகையாகாது.

பணம் குறையட்டும், 40க்குப் பதில் 35. கோட்டின் சாய்வு மாறுவதில்லை. இருந்த திசைக்கு இணையாகவே உள்நோக்கி நகர்கிறது. அ + 3ப ≤ 7. இப்போது நாற்கரம் எங்கே? மறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது (4, 1) என்னும் ஒரே ஒரு புள்ளி. மூன்று கோடுகளும் அதன் வழியே செல்கின்றன. 35 ரூபாய் உள்ளவன் சரியாக 400 கிராம் அரிசியும் 100 கிராம் பருப்பும் வாங்கினால்தான் இரண்டு தேவையும் நிறைவேறும். பத்துக் கிராம் இப்படி அப்படி போனால் ஏதேனும் ஒன்று குறையும். 30 ரூபாயாகட்டும். புள்ளியும் இல்லை. நிழல்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. ‘தீர்வு இல்லை’ என்று பாடநூல் இரண்டு சொற்களில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். அந்த இரண்டு சொற்களுக்குச் சோற்றுத் தட்டில் என்ன பொருள் என்பதை அது சொல்லுவதில்லை.

கவனித்தீர்களா, மிகக் குறைந்த செலவு ஒரு மூலையில் வந்து நின்றது. இது தற்செயலன்று. செலவுக் கோட்டை இணையாக நகர்த்திக்கொண்டே வந்தால், வயலைவிட்டு நீங்குமுன் அது கடைசியாகத் தொடுவது ஒரு மூலையைத்தான். ஒரு விளிம்புக்கு இணையாக இருந்துவிட்டால் அவ்விளிம்பு முழுவதையும் தொடும். அப்போதும் மூலை அதனுள் அடக்கம். ஆகவே மலிவான உணவைக் கண்டுபிடிக்க வயல் முழுவதும் அலையவேண்டியதில்லை; மூலைகளைப் பார்த்தால் போதும்.

இப்போது பருப்பு விலை ஏறுகிறது. கிலோ 200. செலவு 5அ + 20ப. (4, 1) மூலையில் 40 ரூபாய், (7.14, 0) மூலையில் 35 ரூபாய் 71 காசு. மலிவான மூலை மாறிவிட்டது! 150 ரூபாய் விலையில் நாளுக்கு நூறு கிராம் பருப்பு உண்ணச் சொன்ன அதே கணக்கு, 200 ரூபாய் விலையில் பருப்பே வேண்டாம், 714 கிராம் அரிசியைத் தின்றுவிடு என்கிறது. எந்த விலையில் இந்தத் தாவல் நிகழ்கிறது? செலவுக் கோடு புரதக் கோட்டுக்கு இணையாகும் விலையில். நம் கணக்கில் அது கிலோவுக்கு 157 ரூபாய்க்குச் சற்று மேல். அதற்கு இரண்டு ரூபாய் கீழே இருந்தால் தட்டில் பருப்பு உண்டு. இரண்டு ரூபாய் மேலே போனால் சொட்டும் இல்லை. விலை மெல்ல மெல்ல ஏறினாலும் விடை மெல்ல மெல்ல மாறுவதில்லை. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் குதிக்கிறது. உண்மையான குடும்பங்கள் இப்படிக் கணக்குப் போட்டுக் குதிப்பதில்லை. நாவும் பழக்கமும் சற்றே பிடித்து நிறுத்தும். ஆயினும் பருப்பு விலை ஏறிய மாதத்தில் சாம்பார் ரசமாகும் கதை நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததன்று.

அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. ஆதலால் 714 கிராம் அரிசியின் 50 கிராம் புரதமும், சோறும் பருப்பும் சேர்ந்து தரும் 50 கிராம் புரதமும் எண்ணில் ஒன்றாயினும் உடலுக்கு ஒன்றல்ல. இதைத் தடுக்க இன்னொரு நிபந்தனை வைக்கலாம்: பருப்பு, அரிசியில் நாலில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். 4ப ≥ அ. இந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போகிறது. எனவே நம் பழைய சோதனை இங்கே செல்லாது. வரப்பின்மேல் நிற்பவனைப் பார்த்து எந்த வயலுக்காரன் என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்! வேறு புள்ளியை, (1, 0) என்பதை எடுங்கள். 0 ≥ 1 பொய். ஆகவே கோட்டின் மேற்புறமே நம் புறம். இந்நிபந்தனையோடு, பருப்பு 200 ரூபாய் விற்கும் நாளில் மிகக் குறைந்த செலவு 40 ரூபாய். பருப்பைத் தட்டில் காப்பாற்ற ஒருவருக்கு நாளுக்கு 4 ரூபாய் 29 காசு கூடுதலாக வேண்டும். அந்த வேறுபாட்டை யார் தருவது? தமிழ்நாடு அரசு 2007இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தைத் தொடங்கித் துவரம் பருப்பை நியாயவிலைக் கடைகளில் கிலோ 30 ரூபாய்க்கு விற்க முன்வந்தது இக்கேள்விக்கு ஒரு விடை. அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டுக் கிராம் வரும். நம் மூலை கேட்பது நூறு கிராம்.

இரண்டு பண்டங்கள் இருந்ததால் தாளில் வரைந்தோம். மூன்றென்றால் அறையின் மூலையைப் போல் வெளியில் வரையவேண்டும். எழுபத்தேழு என்றால்? அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945இல் அப்படித்தான் கேட்டார்: 77 உணவுப் பண்டங்கள், 9 சத்துக்கள், மிக மலிவான உணவு எது? அரும்பாடுபட்டு, 1939ஆம் ஆண்டு விலையில் ஆண்டுக்கு 39 டாலர் 93 சென்ட் என்று ஒரு விடை கண்டார். கோதுமை மாவு, சுண்டக் காய்ச்சிய பால், முட்டைக்கோசு, பசலைக் கீரை, உலர்ந்த அவரை வகை ஒன்று, இவ்வளவே உணவு. 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் மூலைக்கு மூலை நடந்து செல்லும் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டறிந்தபோது, இதே கணக்கை அம்முறைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு ஒன்பது பேர் செய்த வேலை, ஆள் கணக்கில் 120 நாள் ஆயிற்று. விடை 39 டாலர் 69 சென்ட். ஸ்டிக்லர் 24 சென்ட்தான் தவறியிருந்தார்! அந்த உணவை எவரேனும் ஓராண்டு உண்பாரா என்பது வேறு கேள்வி. சுவைக்கு அவர் சமனிலி எழுதவில்லை.

மூலை மூலையாகப் போவதை விடுத்து, வயலின் நடுவே புகுந்து குறுக்கு வழியாக விடையை அடையலாம் என்று 1984இல் காட்டியவர் நரேந்திர கர்மார்க்கர். குவாலியரில் பிறந்து, பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றியபோது அம்முறையை வெளியிட்டார். பின்னாளில், டாடா குழுமம் இதே புனேயில் அமைத்த கணிப்பொறி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்குவதில் அவருக்குப் பங்குண்டு. அங்கே உருவான ‘ஏகா’ என்னும் மீக்கணிப்பொறி 2007 நவம்பரில் உலகப் பட்டியலில் நான்காம் இடம் பெற்றது.

இனி, தொடக்கத்தில் சொன்ன கதை. 1930இல் நிறுவப்பட்ட கோகலே அரசியல் பொருளியல் நிறுவனத்தை நம்மில் பலர் நாள்தோறும் கடந்து போகிறோம். அங்கே பணியாற்றிய வி. ம. தண்டேகரும் நீலகண்ட ரத்தும் 1971இல் இந்தியாவின் வறுமையைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 2250 கலோரி என்று ஒரு வரம்பு வைத்தனர். எவ்வளவு செலவு செய்யும் குடும்பங்களுக்குச் சராசரியாக அவ்வளவு கலோரி கிடைக்கிறது என்று மாதிரி ஆய்வுக் கணக்குகளில் தேடி, அந்தச் செலவையே கோடாகப் போட்டனர். அதற்குக் கீழே இருப்பவர் வறியவர். 1960-61ஆம் ஆண்டு நிலவரப்படி நாட்டுப்புற மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேரும் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரும் கோட்டின் கீழே இருப்பதாக அவர்கள் கணக்கிட்டனர். ‘வறுமைக் கோடு’ என்று இன்று செய்தித்தாள் படிக்கும் எவரும் எளிதாகச் சொல்லும் சொல்லுக்கு இந்நாட்டில் உருவம் கொடுத்த ஆய்வுகளுள் இது முதன்மையானது. நம் படத்தில் அது அ + ப ≥ 5 என்னும் ஒற்றைச் சமனிலியின் உறவினர்.

மறுப்பும் இவ்வூரிலிருந்தே எழுந்தது. பா. வா. சுகாத்மே புள்ளியியலில் உலகப் புகழ் பெற்றவர். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பில் புள்ளியியல் துறைத் தலைவராக ரோமில் ஏறத்தாழ இருபதாண்டு பணியாற்றிவிட்டுப் புனே திரும்பியவர். அவர் வாதம் இது: மனிதனின் தேவை ஒரே எண்ணன்று. ஒரே ஆள், ஒரே வேலை செய்தும், ஒரு வாரம் கூட்டி உண்கிறான், ஒரு வாரம் குறைத்து உண்கிறான். ஓர் எல்லைக்குள் உடல் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. சராசரித் தேவையைக் கோடாகப் போட்டால், உடல்நலத்தோடு இருக்கும் பலரையும் பட்டினி கிடப்பவராக எண்ணிவிடுவோம். சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் கீழே இறக்கிக் கோட்டைப் போடவேண்டும். தண்டேகர் இதை ஏற்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் இருவரும் கட்டுரைக்குக் கட்டுரை மறுத்துக்கொண்டனர். வரைபட மொழியில் சொன்னால், சுகாத்மே கோட்டை ஒரு பட்டையாக்கி அதன் கீழ் விளிம்பில் நிற்கச் சொன்னார். தேவை என்பது பட்டைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவன் குறைத்து உண்பது உடல் போதும் என்றதாலா, கையில் காசு இல்லாததாலா என்பதை அவன் உண்ட அளவு மட்டும் நமக்குச் சொல்லாது. கீழ் விளிம்பில் கோடு போட்டால் காசில்லாதவனும் உடல் போதும் என்றவன் கணக்கில் சேர்ந்துவிடுவான்.

சுகாத்மே சொன்ன இன்னொன்று நம் இரண்டாம் சமனிலியைப் பற்றியது. நம் நாட்டு வழக்கமான உணவில் கலோரி போதுமான அளவு இருந்தால் புரதமும் பெரும்பாலும் தானே வந்துவிடும் என்பது அவர் துணிபு. இதைச் சோதிக்க நம் படமே போதும். பருப்பு அரிசியில் கால் பங்குக்குக் குறையாத பகுதியில் அ + ப ≥ 5 நிறைவேறினால் 7அ + 22ப ≥ 50 தானே நிறைவேறும். மற்றொன்று இருக்கும்போது இருந்தும் இல்லாததாகிவிடும் இத்தகைய சமனிலியை மிகைச் சமனிலி என்பர். இவ்வூர்க்காரர் உண்ணும் சோள ரொட்டியான பாக்ரியைப் பாருங்கள். சோளத்தில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 10.4 கிராம் புரதம். கலோரியோ அரிசியை ஒட்டியதே. அரைக் கிலோ சோளம் பருப்பின் துணையின்றியே 52 கிராம் தந்துவிடும். அரைக் கிலோ கோதுமை 60 தரும். அரைக் கிலோ அரிசி தருவது 35. ஆக, பாக்ரி தின்பவனுக்கு மிகையான சமனிலி, பருப்பில்லாமல் சோறு மட்டும் உண்பவனுக்கு மிகையன்று. தஞ்சைக்காரர் இதைப் படித்து வருந்தவேண்டாம். சாம்பாரில் பருப்பைக் குறைக்காமல் இருந்தால் போதும்.

கோட்டின் கதை பின்னரும் தொடர்ந்தது. திட்டக்குழு அமைத்த பணிக்குழு 1979இல் நாட்டுப்புறத்துக்கு 2400, நகரத்துக்கு 2100 கலோரி என்றது. 2009இல் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு கலோரியிலிருந்தே கோட்டைப் பிரித்தெடுத்தது. 2014இல் ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநரான நம் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு மீண்டும் உணவுக்கு வந்தது. ஆனால் கலோரியோடு நிற்கவில்லை. நகரத்தில் ஆளுக்கு 2090 கலோரி, 50 கிராம் புரதம், 26 கிராம் கொழுப்பு. நாட்டுப்புறத்தில் 2155 கலோரி, 48 கிராம் புரதம், 28 கிராம் கொழுப்பு. ஒரு சமனிலிக்குப் பதில் மூன்று. அதன்மேல் உடை, உறையுள், கல்வி, போக்குவரத்து ஆகியவற்றின் செலவும் சேர்ந்தது. 2011-12ஆம் ஆண்டுக்கு டெண்டுல்கர் கோட்டின் கீழே ஏறத்தாழ 27 கோடிப் பேர். ரங்கராஜன் கோட்டின் கீழே 36 கோடிக்கு மேல். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை ஏழேகால் கோடிக்குச் சற்றுக் குறைவு. அதனினும் பெரிய மக்கள் கூட்டம் ஒன்று, இருந்த இடத்தில் இருந்தபடியே, கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வந்துவிட்டது.

நம் தாளையே மீண்டும் விரித்துப் பாருங்கள். கலோரிக் கோடு மட்டும் இருந்தால் மலிவான மூலை (5, 0); செலவு 25 ரூபாய். புரதக் கோடும் சேர்ந்தால், பருப்பு கிலோ 150 விற்கும்போது, மலிவான மூலை (4, 1). செலவு 35 ரூபாய். கையில் 30 ரூபாயோடு ஒருவன் கடைக்கு வருகிறான். 600 கிராம் அரிசி வாங்குகிறான். 6 ≥ 5. முதற் கோட்டின்படி அவன் மேலே இருக்கிறான், ஒரு பங்கு மிச்சமும் உண்டு. 7 × 6 = 42; இரண்டாம் கோட்டின்படி கீழே இருக்கிறான். 500 கிராம் அரிசியும் மீதி ஐந்து ரூபாய்க்கு 33 கிராம் பருப்பும் வாங்கினாலும் 42ஐக் கொஞ்சமே தாண்டுவான், 50ஐ எட்டமாட்டான். அவன் பையில் இருந்த பணம் இரண்டு கணக்கிலும் அதே 30 ரூபாய்தான்.